தாய் முதலில் பார்த்துவிடுகிறாள்

ஒவ்வொரு மே மாதமும் கண் மருத்துவமனை வாசல்களில் ஒரு பதாகை ஏறும். ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோய்க்கான உலக விழிப்புணர்வு வாரம் அந்த மாதத்தில்தான் வருகிறது. செவிலியர் கல்லூரிப் பிள்ளைகள் அட்டை பிடித்து ஊர்வலம் போவார்கள், யாராவது ஓர் அதிகாரி கொடியசைப்பார், மறுநாள் நாளிதழின் உள்பக்கத்தில் நான்கு பத்திச் செய்தி வரும். அந்தச் செய்தியில் ஒரு வாக்கியம் தவறாமல் இருக்கும்: பெற்றோரிடம் போதிய விழிப்புணர்வு இல்லாததால்தான் குழந்தைகள் நோய் முற்றிய பிறகு கொண்டுவரப்படுகிறார்கள்.

எனக்கு அந்த வாக்கியத்தோடுதான் சண்டை. கேட்க நியாயமாக இருக்கிறது, யாரையும் திட்டுவதுபோலவும் இல்லை. ஆனால் பழி எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள்: ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும் பெண்ணின் தலையில். அவளுக்குத் தெரியவில்லை, அவள் கவனிக்கவில்லை, அவள் அழைத்து வரவில்லை. தேனியிலிருந்து கூடலூர் வரை இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் படித்தவர்களிடம் பேசினால் பெரும்பாலோர் இதையேதான் சொல்கிறார்கள். மருத்துவர்களும் சொல்கிறார்கள். அது தவறு என்பது என் வாதம்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். விழித்திரையில் உருவாகும் கட்டி இது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள், அதிலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் வருகிறது. பிறக்கும் குழந்தைகளில் 15,000 முதல் 18,000 பேருக்கு ஒருவரைத் தாக்குகிறது. இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 1,500 குழந்தைகள் என்பது மதிப்பீடு. பிறப்பு எண்ணிக்கை பெரிது என்பதால் உலகில் வேறெந்த நாட்டையும்விட இங்கே அதிகம். கட்டி கண்ணுக்குள்ளேயே இருக்கும்போது பிடித்துவிட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குழந்தைகளுக்கு மேல் பிழைக்கின்றன. பல நேரம் கண்ணையும், சில நேரம் பார்வையையுமே காப்பாற்ற முடிகிறது. பார்வை நரம்பு வழியாக மூளைப் பக்கமோ, ரத்தம் வழியாக எலும்பு மஜ்ஜைக்கோ போய்விட்டால் கதை வேறு. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் குழந்தைப் புற்றுநோய்களுக்கான முன்முயற்சியைத் தொடங்கியபோது குறியாகத் தேர்ந்தெடுத்த ஆறு புற்றுநோய்களில் இதுவும் ஒன்று. குணப்படுத்தக்கூடியது என்பதால்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

2020-ல் ஜாமா ஆன்காலஜி இதழில் ஓர் ஆய்வு வந்தது. 153 நாடுகள், 4,351 குழந்தைகள். பணக்கார நாடுகளில் நோய் கண்டறியப்பட்டபோது குழந்தையின் இடைநிலை வயது 14 மாதம். மிக ஏழை நாடுகளில் 30 மாதம். கட்டி கண்ணைத் தாண்டிப் பரவிய பிறகு வந்தவர்கள் பணக்கார நாடுகளில் 1.5 சதவீதம், ஏழை நாடுகளில் 49 சதவீதம். இந்தியா இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள வரிசையில் இருக்கிறது. இரண்டு முனைகளுக்கும் இடையே பதினாறு மாத வித்தியாசம். அந்தப் பதினாறு மாதத்தை யார் கணக்கில் எழுதுவது என்பதுதான் கேள்வி.

தாயின் கணக்கில் எழுதுகிறவர்கள் ஒரு பழைய ஆய்வைப் பார்க்க வேண்டும். நியூயார்க்கில் டேவிட் ஏப்ரம்சனும் சகாக்களும் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் ஏடுகளை அலசி 2003-ல் வெளியிட்டது. நோயின் முதல் அறிகுறியைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டிருந்தார்கள். சுமார் 80 சதவீதம் குழந்தைகளுக்குக் குடும்பத்தாரோ நண்பரோதான். குழந்தை மருத்துவர் முதலில் கண்டது 10 சதவீதத்துக்கும் குறைவு. அமெரிக்காவில், ஒழுங்காக மருத்துவரிடம் காட்டப்படும் குழந்தைகளின் கதை இது. வீட்டார் பார்த்துவிடுகிறார்கள். பார்ப்பதற்குப் பட்டம் தேவைப்படுவதில்லை, குழந்தையோடு தினமும் முகத்துக்கு முகம் இருந்தால் போதும்.

இப்போது கம்பத்துக்கு வருவோம். கம்பம், கூடலூர், காமயகவுண்டன்பட்டிப் பக்கத்துப் பெண்கள் பலர் விடியுமுன்பே ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். திரும்பி வரும்போது பொழுது இறங்கியிருக்கும். பகலெல்லாம் அப்பத்தாவிடமும் அங்கன்வாடியிலுமாக இருந்த பிள்ளையை மடியில் போட்டுத் தாய் கொஞ்சுவது அந்த மங்கல் நேரத்தில்தான். அறையில் ஒரு பல்பு, அதுவும் ஒரு பக்கமாக. மங்கிய வெளிச்சத்தில் கண்ணின் பாப்பா நன்றாக விரிந்துகொள்ளும். விரிந்த பாப்பா வழியாகப் பக்கவாட்டு ஒளி உள்ளே போய், கட்டியின் வெண்மையில் பட்டுத் திரும்புகிறது. பிள்ளை தலையை ஒரு கோணத்தில் திருப்பும்போது கண் மின்னும். இன்னும் கொஞ்சம் திரும்பினால் போய்விடும், கண் எப்போதும்போலக் கறுப்பாக இருக்கும்.

தாய் இதை மருத்துவரிடம் எப்படிச் சொல்வாள்? “எல்லா நேரமும் இல்ல டாக்டரம்மா. சாயங்காலம் லைட்டு போட்ட பொறகு, பிள்ள இப்பிடித் திரும்புனா மட்டும் பூனைக்கண்ணு மாதிரி மின்னுது.” இதைவிடத் துல்லியமான நோய்க்குறிப்பை எந்த மருத்துவ மாணவனும் எழுத மாட்டான். எந்த நேரம், எந்த வெளிச்சம், எந்தக் கோணம், எப்போது மறைகிறது என்று எல்லாம் அதில் இருக்கிறது.

அவள் இதைச் சொல்லும் இடமோ காலை பதினொரு மணி வெளிநோயாளர் அறை. ஜன்னல் திறந்திருக்கிறது, தலைக்கு மேல் ட்யூப் லைட், வெளியே நாற்பது பேர் வரிசை. மருத்துவர் பேனா டார்ச்சை எடுத்து நேராகக் கண்ணில் அடிப்பார். ஒளி பட்ட கணமே பாப்பா சுருங்கும். பிள்ளை வீறிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொள்ளும். இரண்டு நொடி. “ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கு. வளர வளரச் சரியாயிடும்.” அந்த அறையில் அந்த நோயைப் பார்க்க முடியாதபடி எல்லா ஏற்பாடும் செய்துவிட்டு, நோய் இல்லை என்று சொல்கிறோம். தாய் பார்த்தது சோதனை, மருத்துவர் பார்த்தது சடங்கு. ஆனால் வெள்ளைக் கோட்டு யார் மேல் இருக்கிறதோ அவர் சொன்னதுதான் நிற்கிறது. அவள் வீட்டுக்குப் போய்விடுவாள். மறுபடி மின்னினாலும், டாக்டரே சொல்லிவிட்டாரே என்று மூன்று மாதம் ஓடும். அதற்குள் மறுபடி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர அவளை யார் விடுவார்கள்?

அப்பத்தாவின் கைவைத்தியத்தைக் கேலி செய்யாத விழிப்புணர்வுக் கூட்டம் கிடையாது. கண்ணில் தாய்ப்பால் விடுவது, நந்தியாவட்டைப் பூவை ஒத்துவது, சூடு என்று எண்ணெய் வைப்பது. இவற்றை நான் ஆதரிக்கவில்லை, கண்ணில் எதையும் விடாதீர்கள். ஆனால் கைவைத்தியம் ஒரு வாரம், பத்து நாளில் பலிக்காவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். மருத்துவர் வாயிலிருந்து வந்த ‘ஒண்ணுமில்ல’ அப்படிக் காலாவதி ஆவதில்லை.

இதற்கு மருத்துவர்கள் சொல்லும் பதில் நியாயமானது, அதனால் அதை மதித்தே மறுக்க வேண்டும். “அரிதான நோய். என் வாழ்நாளில் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. வருகிற ஒவ்வொரு தாயையும் புற்றுநோய் என்று பயமுறுத்த முடியுமா?”

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2011 கணக்கெடுப்பின்படி தேனி மாவட்டத்தில் ஏறக்குறைய 12.5 லட்சம் பேர். தமிழ்நாட்டின் பிறப்பு விகிதத்தை வைத்தால் ஆண்டுக்குப் பதினாறு, பதினேழாயிரம் குழந்தைகள். அப்படியானால் தோராயமாக ஆண்டுக்கு ஒரு குழந்தை இந்த மாவட்டத்தில் இந்த நோயோடு பிறக்கிறது, அல்லது பிறந்த பின் அதற்கு ஆளாகிறது. ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் சுமார் 30,000 பேருக்கானது. அதன் எல்லைக்குள் ஆண்டுக்கு நானூறு பிறப்பு என்று வையுங்கள். அங்கே ஒரு ரெட்டினோபிளாஸ்டோமா குழந்தை வந்து நிற்க நாற்பது ஆண்டு ஆகும். ஆக, மருத்துவர் சொல்வது பொய்யில்லை. ஒரு மருத்துவரின் பணிக்காலம் முழுவதும் ஒருமுறைதான் வரலாம், வராமலும் போகலாம்.

ஆனால் இதிலிருந்து அவர் எடுக்கும் முடிவுதான் தலைகீழ். நாற்பது ஆண்டில் ஒருமுறை வரும் ஒன்றை அனுபவத்தால் கற்றுக்கொள்ள முடியாது என்றால், அதை அனுபவத்தின் கையில் விடக் கூடாது. விதிமுறையின் கையில் விட வேண்டும். நம் அரசு இதை வேறொரு நோயில் ஏற்கெனவே பிரமாதமாகச் செய்துகொண்டிருக்கிறது. இந்தியாவில் இயற்கை வைரஸால் வந்த கடைசி இளம்பிள்ளைவாதம் பதிவானது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுராவில். 2014 மார்ச்சில் நோய் ஒழிந்ததற்கான சான்றிதழும் வந்துவிட்டது. இன்றைக்கும் பதினைந்து வயதுக்குட்பட்ட ஒரு பிள்ளைக்குத் திடீரென்று கையோ காலோ தொய்ந்தால் உடனே தகவல் போகும், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரி எடுக்கப்படும். மருத்துவர் போலியோ என்று நம்பத் தேவையில்லை. இல்லை என்று அவருக்கு நன்றாகவே தெரியும். அறிகுறி இருந்தால் அனுப்பு, அவ்வளவுதான் விதி. அதனால் எந்தத் தாயும் பீதியில் மயங்கி விழுந்ததாகத் தெரியவில்லை. நாடே ஒழித்துவிட்ட நோய்க்கு இவ்வளவு விழிப்பு முடியும் என்றால், ஆண்டுக்கு ஒரு தேனிப் பிள்ளைக்கு வரும் நோய்க்கு முடியாதா?

‘அரிது’ என்ற வாதத்தில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. கண்ணில் வெள்ளையாகத் தெரிவது புற்றுநோயாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. பிறவிப் புரையாக இருக்கலாம். கர்ப்பத்தில் தாய்க்கு ருபெல்லா வந்திருந்தால் அப்படி வரும். குறைமாதக் குழந்தையின் விழித்திரைப் பாதிப்பாக இருக்கலாம். கோட்ஸ் என்ற ரத்தநாள நோயாகவோ, நாய்க்குடல் புழுவின் தொற்றாகவோ இருக்கலாம். இவற்றில் ‘வளர வளரச் சரியாகிற’ ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். ஒரு கண்ணில் அடர்ந்த பிறவிப் புரை இருந்தால் பிறந்து ஆறு வாரத்தை ஒட்டி எடுத்தால்தான் பார்வை தேறும். மூளைக்குப் பார்க்கப் பழகும் காலம் அது. ஒரு வயதில் எடுத்தால் கண் தெளிவாகும், பார்வை வராது. ஆக, தாய் சொன்னதை நம்பி அனுப்பியதில் புற்றுநோய் இல்லை என்று வந்தாலும் அந்தப் பயணம் பெரும்பாலும் வீண் இல்லை.

மாறுகண்ணும் அப்படித்தான். வெண்மைக்கு அடுத்தபடியாக இந்த நோய் காட்டும் அறிகுறி அதுதான், சுமார் ஐந்தில் ஒரு குழந்தைக்கு. கட்டி விழித்திரையின் நடுவில் உட்கார்ந்து பார்வையைக் கெடுத்ததும் அந்தக் கண் சும்மா ஒரு பக்கம் ஒதுங்கிவிடுகிறது. நம்மூரில் மாறுகண் அதிர்ஷ்டம். பொண்ணுக்கு இருந்தால் வீட்டுக்கு லட்சுமி என்பார்கள். மூன்று நான்கு மாதம் வரை பிள்ளையின் கண் அவ்வப்போது விலகுவது இயல்பு. மூக்குத்தண்டு பரந்த பிள்ளைகளுக்கு மாறுகண் இல்லாமலே இருப்பதுபோலத் தோன்றும் என்பதும் உண்மை. நான்கு மாதத்துக்குப் பிறகும் ஒரு கண் விலகியே நிற்கிறது என்றால் உள்ளே பார்த்தாக வேண்டும். அதிர்ஷ்டம் என்று சொல்லும் கிழவியை நான் மன்னிப்பேன். ‘அஞ்சு வயசுல ஆபரேஷன் பண்ணிக்கலாம்’ என்று விழித்திரையைப் பார்க்காமலே சொல்லி அனுப்பும் ஆளை மன்னிக்க முடியவில்லை. சிவந்து, வலித்து, வீங்கி, பெருத்துத் தெரியும் கண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்தக் கட்டத்தில் யாருக்கும் விழிப்புணர்வு தேவைப்படாது, நேரம்தான் போயிருக்கும்.

படிப்பறிவு இருந்தால் பிடித்திருப்பார்கள் என்று இன்னும் நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். பிரையன் ஷா அமெரிக்காவின் டெக்சாஸில் பேய்லர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர். அவர் மகன் நோவாவுக்கு இரண்டு கண்ணிலும் இந்த நோய். புகைப்படத்தில் ஏதோ வெள்ளையாகத் தெரிகிறதே என்று முதலில் கவலைப்பட்டது தாய். நோய் உறுதியான பிறகு தகப்பன் பழைய படங்களையெல்லாம் கொட்டி ஆராய்ந்தார். பிறந்த பன்னிரண்டாம் நாள் எடுத்த படத்திலேயே அந்த வெண்மை இருந்தது. பிள்ளையின் ஒரு கண் போயிற்று. அவர் உடைந்து உட்காராமல், படங்களில் வெண்மையைத் தேடும் செயலி ஒன்றைச் சகாக்களோடு உருவாக்கினார். 2019-ல் வந்த அவர்களது ஆய்வில், கண்நோய் இருந்த 20 குழந்தைகளில் 16 பேரின் வெண்மையை, மருத்துவர் கண்டறிந்த நாளுக்குச் சராசரியாக ஓராண்டுக்கும் மேல் முந்தைய படங்களிலேயே அது பிடித்திருந்தது. நோவாவோ மருத்துவ வசதிக்குப் பஞ்சமில்லாத நாட்டுப் பிள்ளை.

கம்பத்தில் இன்றைக்கு ஃபோன் இல்லாத வீடு ஏது? ஃப்ளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருந்தால், அதுவும் ஒரு படத்தில் இல்லாமல் பல படங்களில் திரும்பத் திரும்ப வந்தால், காட்ட வேண்டும். பிள்ளை ஓரமாகப் பார்க்கும்போது ஒளி பார்வை நரம்பின் முனையில் பட்டு நல்ல கண்ணும் வெள்ளையாகத் தெரிவதுண்டு. அதைப் பிரித்தறிவது கண் மருத்துவரின் வேலை, தாயின் வேலை இல்லை. ‘இப்ப எல்லாரும் ஃபோனைத் தூக்கிட்டு வந்துடறாங்க’ என்று சலித்துக்கொள்ளும் மருத்துவர்கள், சர்க்கரை நோயாளி ரத்தச் சர்க்கரையைக் குறித்துக்கொண்டு வந்தால் பாராட்டுகிறார்கள். இது எந்த ஊர் நியாயம்?

பழிபோடுவதில் அடுத்த வகை ஒன்று உண்டு. சொந்தத்தில் கட்டினால் இப்படித்தான் வரும் என்பார்கள். தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டிய பெண்கள் நிறைந்த பகுதி இது, அதனால் எந்த நோய்க்கும் இந்தத் தீர்ப்பு தயாராக இருக்கும். சில பரம்பரை நோய்களுக்கு அது பொருந்தும். இதற்குப் பொருந்தாது. 1971-ல் ஆல்ஃபிரட் நட்சன், ஹூஸ்டனில் 48 குழந்தைகளின் ஏடுகளை வைத்து இந்த நோயின் கணக்கை அவிழ்த்தார். ஒரு செல்லில் ஒரே மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானால் கட்டி வரும். பரம்பரை வகையில் முதல் பழுது பிறக்கும்போதே இருக்கிறது, மற்ற வகையில் இரண்டுமே பிறகு நடக்கின்றன. அந்த மரபணுவை, பதின்மூன்றாம் குரோமோசோமில் இருக்கும் ஆர்பி1-ஐ, 1986-ல் பிரித்தெடுத்தார்கள். புற்றுநோயைத் தடுக்கும் மரபணு என்று முதன்முதலில் கைக்குக் கிடைத்தது அதுதான். பழுதைக் கடத்த ஒரு பெற்றோர் போதும், அவர் யாரைக் கட்டியிருந்தாலும் சரி. பரம்பரை வகையிலும் பெரும்பாலானவை குழந்தையிடம் புதிதாகத் தோன்றுகிற பழுதுகள், குடும்பத்தில் முன்பின் யாருக்கும் இருந்திருக்காது. திராட்சைத் தோட்டத்து மருந்தடிப்பைக் காட்டுவோரும் உண்டு. இந்தப் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சைக்கு அடிக்கும் மருந்தின் அளவு எனக்கும் கவலைதான், அதைப் பற்றித் தனியாகவே சண்டை போடலாம். ஆனால் அதைச் சாட்சியில்லாமல் இந்த நோயின் கூண்டில் ஏற்றுவது ‘நீ ஏன் கர்ப்பத்தில் தோட்டத்துக்குப் போனாய்’ என்று மறுபடி அதே பெண்ணிடம்தான் வந்து நிற்கும்.

பரம்பரையைப் பற்றிக் கேட்க வேண்டிய உண்மையான கேள்வி ஒன்று இருக்கிறது, அதைத்தான் யாரும் கேட்பதில்லை. பிள்ளையின் தகப்பனுக்கோ தாய்க்கோ சின்ன வயதில் ஒரு கண் போயிருக்கிறதா? வீட்டில் அதற்கு ஒரு கதை இருக்கும். குச்சி குத்தியது, அம்மை வந்தது, கீழே விழுந்தது. சிலருக்கு அது உண்மை. சிலருக்கு, அந்தக் காலத்தில் ஒரு மருத்துவமனையில் கண்ணை எடுத்து உயிரைக் காப்பாற்றி அனுப்பியதை, பெற்றவர்கள் பிள்ளையிடம் அப்படிச் சொல்லி வைத்திருப்பார்கள். பரம்பரை வகை என்றால் அவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அந்தக் குழந்தையின் கண்ணைப் பிறந்த வாரத்திலேயே பார்க்க வேண்டும், மின்னும்வரை காத்திருக்கக் கூடாது. கர்ப்பிணிப் பதிவின்போது எத்தனையோ கேள்வி கேட்கிறோம். இதையும் சேர்ப்பதற்கு ஒரு வரி மை செலவு.

எதிர்த்தரப்புக்கு நான் விட்டுக்கொடுக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நோய் உறுதியாகி, கண்ணை எடுத்தால் பிள்ளை பிழைக்கும் என்று சொன்ன பிறகு, கையெழுத்துப் போடாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடும் குடும்பங்கள் இருக்கின்றன. “பொம்பளப்புள்ள, கண்ண எடுத்துட்டா நாளைக்கு யாரு கட்டுவா?” இரண்டு மூன்று மாதம் எங்கெங்கோ அலைந்து, கண் வெளியே தள்ளிய நிலையில் திரும்பி வருவார்கள். இங்கே தாமதம் குடும்பத்துடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த முடிவை எடுப்பது பெரும்பாலும் தாய் இல்லை, மாமனாரும் கொழுந்தனாரும் கூடிப் பேசி எடுக்கிறார்கள். அவர்களிடம் யார், எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று கேட்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் ‘கண்ணை எடுக்கணும்’ என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டால் எந்தக் குடும்பம்தான் கையெழுத்துப் போடும்? செயற்கைக் கண் பொருத்திப் பள்ளிக்கூடம் போகும் ஒரு பிள்ளையை, அதன் அம்மாவோடு உட்கார வைத்துக் காட்டினால் கதை மாறும். உள்ளே உருண்டை வைத்துத் தசையோடு தைத்துவிட்டால் மேலே வைக்கும் கண் ஓரளவு அசையவும் செய்யும். உற்றுப் பார்க்காமல் பலருக்குத் தெரியாது. எல்லாப் பிள்ளைக்கும் கண்ணை எடுக்க வேண்டியதும் இல்லை. கீமோ, லேசர், உறைய வைக்கும் சிகிச்சை எல்லாம் இருக்கின்றன. எவ்வளவு சீக்கிரம் வந்தார்கள் என்பதைப் பொறுத்தது. அப்படியானால் மறுபடி அந்த டார்ச் அடித்த அறைக்கே போகிறோம்.

இந்தப் பள்ளத்தாக்கில் வசதி இல்லை என்றும் யாரும் சொல்ல முடியாது. 1976-ல் மதுரையில் பதினொரு படுக்கையோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1980களிலேயே தேனியில் கிளை திறந்துவிட்டது. 2004-ஐ ஒட்டி, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, சுற்றுவட்டாரக் கண் மையங்களைத் தொலைதூர வைஃபை வழியாகத் தேனி மருத்துவமனையோடு இணைத்தார்கள். கிராமத்தில் உட்கார்ந்த நோயாளி தேனி மருத்துவரோடு திரையில் பேசிய முதல் முயற்சிகளில் ஒன்று இந்த மண்ணில்தான் நடந்தது. மதுரை அரவிந்தில் கண் புற்றுநோய்க்கென்றே பிரிவு இருக்கிறது. க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம். 2013 முதல் அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை பரிசோதிக்கும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் குழுக்கள். கம்பத்திலிருந்து தேனி சுமார் 40 கிலோமீட்டர். இத்தனையும் இருந்து, அந்த 40 கிலோமீட்டரைத் தாண்ட ஒரு குழந்தைக்கு மாதக்கணக்கில் ஆகிறது என்றால், தடை சாலையில் இல்லை. உள்ளூர் மருத்துவரின் மேசையில் இருக்கிறது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2008-ல் வகுத்த நெறிமுறை இரண்டு விஷயம் சொல்கிறது. ஒன்று, எல்லாக் குழந்தைகளுக்கும் பிறந்த மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முன்பும், பிறகு வழக்கமாக வரும் ஒவ்வொரு முறையும் செவ்வொளிச் சோதனை. அறையை இருட்டாக்கி, கையெட்டும் தூரத்திலிருந்து ஆப்தால்மோஸ்கோப் வழியாக இரண்டு கண்ணையும் ஒரே நேரத்தில் பார்ப்பது. இரண்டும் ஒரேபோலச் செம்மஞ்சளாக ஒளிர வேண்டும். ஒன்று மங்கினாலோ வெளுத்தாலோ அனுப்ப வேண்டும். இரண்டாவதுதான் என் வாதத்துக்கு முக்கியம்: பெற்றோரோ வேறு யாருமோ கண்ணில் வெள்ளையாகத் தெரிந்தது என்று சொன்னாலே, மருத்துவர் கண்ணுக்கு எதுவும் தெரியாவிட்டாலும், கண் மருத்துவரிடம் அனுப்பியாக வேண்டும். ஏன்? ஓரத்தில் இருக்கும் சின்னக் கட்டி இந்தச் சோதனையிலும் தப்பிவிடும். சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரித்துப் பார்த்தால்தான் தெரியும். அதாவது, தாயின் சொல்லே போதுமான சான்று என்று அந்த நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் பதாகைகளோ தாய்க்குப் பாடம் எடுக்கின்றன.

தமிழ்நாட்டில் இதைச் செய்யப் புது ஏற்பாடு எதுவும் தேவையில்லை. ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில் நடக்கிறது. புதன்கிழமை தோறும் தடுப்பூசி. ஆறு வாரம், பத்து வாரம், பதினான்கு வாரம், ஒன்பதாம் மாதம், ஒன்றரை வயது என்று பிள்ளை கையிலேயே வந்து நிற்கிறது. நோய் வரும் காலமும் அதுதான். ஊசி போடும் முன், பிள்ளை அழத் தொடங்கும் முன், லைட்டை அணைத்து ஒரு நிமிடம். கிராம சுகாதாரச் செவிலியருக்கு இதைக் கற்றுக்கொடுக்க முடியாது என்று சொல்பவர்கள், அவர் இதுவரை கற்றுச் செய்துகொண்டிருப்பவற்றைப் பட்டியல் போட்டுப் பார்க்கட்டும்.

அதுவரை உள்ளூர் மருத்துவர் செய்ய வேண்டியது இதுதான். தாய் ‘மின்னுது’ என்றால் டார்ச்சைத் தொடாதீர்கள். எந்த வெளிச்சத்தில், எந்தப் பக்கம் திரும்பினால் என்று கேளுங்கள், ஃபோனில் படம் இருந்தால் பாருங்கள். கண்ணில் ஊசி குத்திச் சதை எடுத்துச் சோதிக்கலாம் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள், அப்படிச் செய்தால் கட்டி வெளியே பரவும், ஸ்கேனும் விரித்த பாப்பா வழியே பார்ப்பதுமே போதும். பிறகு சீட்டில் எழுதுங்கள்: ‘கண்ணில் வெள்ளை ஒளி தெரிவதாகத் தாய் கூறுகிறார். சொட்டு மருந்து விட்டு இரு கண்களின் விழித்திரையையும் பார்க்கவும். அவசரம்.’ கீழே தேதி போடுங்கள். ஒரு வாரத்துக்குள் போனாளா என்று செவிலியரை விட்டு விசாரிக்கச் சொல்லுங்கள். போகவில்லை என்றால், கூலி போனதாலா, மாமனார் விடாததாலா, பஸ்ஸுக்குக் காசில்லாததாலா என்று கேட்டு, அதையும் அதே சீட்டில் எழுதி வையுங்கள்.